லாட்ஜ் இணையதளத்தின் தலைப்பில் சிஎம்சி பெயரைப் போடலாமா?

வேலூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் இதே தொழிலில் இருப்பதால் தன் பெயரும் லாட்ஜின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் ஆரம்பித்த லாட்ஜை இப்போது இவரும் கணவரும் நடத்துகிறார்கள். காந்தி ரோட்டை ஒட்டிய சந்து, சிஎம்சி மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். மொத்தம் 14 அறைகள், அதில் 6 அறைகளில் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. தங்குபவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று தொலைவிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள். முன்பு காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் ரூம் தேடுவார்கள். இப்போது ஊரில் டிக்கெட் எடுக்கும்போதே மொபைலில் தேடி முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்காக அக்கா மகன் வேர்ட்பிரஸ்ஸில் ஒன்பது பக்கங்கள் கொண்ட இணையதளம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு ஒரு போன்கூட வருவதில்லை.

இதற்கிடையில் ஒரு நிறுவனத்தார் பேசியிருக்கிறார்கள். 35,000 ரூபாய் கொடுத்தால் முப்பது நாளில் கூகுளில் முதல் இடம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். மாதிரிக்கு ஒரு தலைப்பும் அனுப்பியிருக்கிறார்கள்: “சிஎம்சி லாட்ஜ், வேலூர் லாட்ஜ், மலிவு லாட்ஜ், சிஎம்சி ரூம், பெஸ்ட் லாட்ஜ் வேலூர், சிஎம்சி அங்கீகரித்த லாட்ஜ்”. கணவரோ, “எதையும் தொடாதே, இருக்கிறதும் போய்விடும்” என்கிறார். “ஐயா, பணம் கட்டலாமா? சிஎம்சி பெயரைப் போடுவது தப்பா? தலைப்பில் எத்தனை எழுத்து இருக்கலாம்? பெங்காலியில் வைக்கலாமா? நாங்கள் வைத்த தலைப்பு ஒன்று, கூகுள் காட்டுவது இன்னொன்றாக இருக்கிறதே, அது ஏன்?” இவைதான் கேள்விகள். ஒன்பது பக்கங்களின் தலைப்புகளையும் கடிதத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்த ஒன்பது தலைப்புகளும் இருந்ததால்தான் இவ்வளவு திட்டமாகப் பதில் எழுத முடிகிறது. எட்டுப் பக்கங்களுக்கு ஒரே தலைப்பு: லாட்ஜின் பெயர், அதையடுத்து “வரவேற்கிறோம்”. ஒன்பதாவதில் “ஹோம்” என்று மட்டும் இருக்கிறது. போன் வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது இது, செலவில்லாமல் முடிவதும் இதுதான்.

கடிதத்தில் “தலைப்பைத்தான் பெரிய எழுத்தில், சிவப்பில் போட்டிருக்கிறோமே” என்று எழுதியிருக்கிறீர்கள். அது பக்கத்தின் உள்ளே இருக்கும் தலைப்பு. நாம் பேசுவது பக்கத்துக்கு வெளியே தெரியும் டைட்டில். பிரவுசரின் டேபில் தெரிவது அது. கூகுளில் தேடினால் அழுத்துவதற்கு ஒரு வரி வருகிறதே, பெரும்பாலும் அதுவும் இந்த டைட்டில்தான். வேர்ட்பிரஸ்ஸில் எஸ்இஓ பிளகின் (தேடலில் பக்கம் நன்றாகத் தெரிய உதவும் துணை மென்பொருள்) ஒன்று போட்டிருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இதற்கென்று தனிக் கட்டம் இருக்கும். அக்கா மகனிடம் கேளுங்கள், காட்டுவார். அதற்குப் பக்கத்திலேயே ‘கீவேர்டு’ கட்டமும் இருந்து, அதில் ஐம்பது சொற்களை நிரப்பியிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பக்கத்துக்குள் மறைவாக வைக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

இப்போது மேற்கு வங்கத்து மால்டாவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு சிஎம்சியில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. மகன் ராத்திரி மொபைலை வைத்துக்கொண்டு ரூம் தேடுகிறான். உங்கள் லாட்ஜின் பெயர் அவனுக்குத் தெரியாது, அதனால் அதைத் தேடமாட்டான். மூன்று வாரம் தங்க வேண்டியிருக்கும், அம்மாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, மாடி ஏற முடியாது. சமையலறை இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா, மாதக் கணக்கில் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் தேடுவான். உங்களிடம் இவை எல்லாமே இருக்கின்றன. ஆனால் அவன் கண்ணில் படும் அந்த ஒரு வரியில் “வரவேற்கிறோம்” என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எட்டுப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதில் கூகுளுக்கும் அந்தத் தலைப்புகள் உதவுவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலைப்பை மாற்றியதும் முதல் இடத்துக்குப் போய்விட மாட்டீர்கள். கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பல விஷயங்களில் தலைப்பும் ஒன்று. பக்கத்தில் விஷயம் இருக்க வேண்டும், மொபைலில் சட்டென்று திறக்க வேண்டும், மற்ற இணையதளங்களும் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்க வேண்டும். “வேலூர் லாட்ஜ்” என்று பொதுவாகத் தேடினால் ரூம் புக்கிங் கம்பெனிகள்தான் மேலே நிற்கும். அவர்களோடு அந்த இரண்டு சொற்களுக்காக மோதுவதில் பயனில்லை என்பது என் கருத்து. “சமையலறையோடு, மாத வாடகைக்கு, சிஎம்சி பக்கத்தில்” என்று குறிப்பாகத் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் உண்மையில் வந்து தங்கப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காக எழுதுங்கள்.

தலைப்புக்கான சொற்கள் உங்கள் ரிசப்ஷனிலேயே இருக்கின்றன

இதற்குப் பணம் கொடுத்து யாரையும் அமர்த்த வேண்டாம். ரிசப்ஷனில் ஒரு நோட்டு வையுங்கள். போனில் விசாரிப்பவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். சமைக்கலாமா, கேஸ் அடுப்பு நீங்கள் தருவீர்களா, வீல்சேர் உள்ளே வருமா, ஒரு ரூமில் எத்தனை பேர் தங்கலாம், காட்பாடியிலிருந்து ஆட்டோவுக்கு என்ன ஆகும் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அடிக்கடி வரும் கேள்வி ஒவ்வொன்றுக்கும் உங்கள் இணையதளத்தில் எந்தப் பக்கம் பதில் சொல்கிறது என்று பாருங்கள். பதில் இருந்தால் அந்தக் கேள்வியின் சொற்கள் அந்தப் பக்கத்தின் தலைப்புக்கு வர வேண்டும். இல்லையென்றால் முதலில் பக்கத்தை எழுதுங்கள், தலைப்பு அப்புறம்.

உங்கள் பக்கங்களில் சிலவற்றுக்கு நான் எழுதிப் பார்த்தவை இவை. கடைசியில் லாட்ஜின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகப்பு: “வேலூர் சிஎம்சி டவுன் கேம்பஸ் அருகே குடும்ப அறைகள்”

சமையலறை உள்ள அறைகள்: “சமைக்க வசதியுள்ள அறைகள், நாள் மற்றும் மாத வாடகை, சிஎம்சி அருகே”

வரும் வழி: “காட்பாடி ஸ்டேஷனிலிருந்து காந்தி ரோடு லாட்ஜுக்கு வரும் வழி”

சுற்றிப்பார்க்க: “சிகிச்சைக்கு நடுவே ஒரு நாள்: வேலூர் கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோயில்”

கோட்டையைப் பற்றியும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பற்றியும் எத்தனையோ சுற்றுலாத் தளங்கள் எழுதியிருக்கின்றன. அங்கே நீங்கள் முந்துவது கடினம். ஆனால் அடுத்த டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் காத்திருக்கும் ஒருவர், வயதானவரை அழைத்துக்கொண்டு எங்கே போகலாம், எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்? அதை எழுதினால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு தனித்தன்மை வரும். படங்கள், தொடர்பு ஆகிய இரண்டு பக்கங்களுக்கும் சாதாரணமாக ஒரு தலைப்பு வைத்தால் போதும், அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

எழுத்துக் கணக்கு கேட்டிருந்தீர்கள். இத்தனை எழுத்துதான் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. திரையில் இடம் போதாவிட்டால் வால்பகுதியை வெட்டிவிட்டுப் புள்ளி வைக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 50 முதல் 60 எழுத்துக்குள் முடிப்பது வழக்கம். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அதனால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படும். எண்ணிக்கொண்டிருப்பதைவிட, முக்கியமான சொல்லை முன்னால் வைத்துவிடுங்கள். லாட்ஜின் பெயர் கடைசியில் வெட்டுப்பட்டால் பரவாயில்லை, “சமைக்க வசதி” வெட்டுப்படக் கூடாது.

சிஎம்சி என்று போடலாம், ‘அங்கீகரித்த’ என்று போடக் கூடாது

உங்கள் லாட்ஜ் எங்கே இருக்கிறது என்று சொல்ல அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லாமல் முடியாது. இருப்பிடத்தை நேர்மையாகக் குறிப்பிடுவதற்காக “அருகே” என்று போடுவது வேறு. “சிஎம்சி அங்கீகரித்த லாட்ஜ்” என்றும், வெறுமனே “சிஎம்சி லாட்ஜ்” என்றும் போடுவது வேறு. இவை இரண்டும் மருத்துவமனைக்கும் உங்களுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக நம்ப வைக்கும். அப்படி ஒரு தொடர்பு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று வரையறுத்திருக்கிறது. இணையதளத்தில் போடுவதும் அந்தச் சட்டப்படி விளம்பரம்தான். மருத்துவமனை தன் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதாக நோட்டீஸ் அனுப்பவும் இடமுண்டு. அப்படி எதுவும் வந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள், என் துறை அது இல்லை. எழுதித் தந்த நிறுவனம் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்காது. லாட்ஜ் உங்கள் பெயரில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பயந்துபோய், மொழி தெரியாத ஊருக்கு, நோயாளியை அழைத்துக்கொண்டு வருபவர்கள் “அங்கீகரித்த” என்ற ஒரு சொல்லை நம்பி முன்பணம் அனுப்புவார்கள். அந்த நம்பிக்கையைப் பொய்யாக வாங்கவே கூடாது.

இதே அக்கறையோடுதான் மேலே “டவுன் கேம்பஸ்” என்று எழுதினேன். சிஎம்சியின் பல துறைகள் இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில், ரத்தினகிரி பக்கம் நெடுஞ்சாலை மேல் இயங்குகின்றன. அங்கே அப்பாயின்ட்மென்ட் உள்ளவர் “சிஎம்சி அருகே” என்பதைப் பார்த்து உங்களிடம் ரூம் போட்டுவிட்டால், தினமும் காலையில் நோயாளியோடு ஊரைத் தாண்டிப் போய்வர வேண்டும். வெளியூர்க்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தலைப்பில் ஒரு சொல்லும், பக்கத்தில் இரண்டு வரியும் இருந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். அதுபோல “2 நிமிட நடை” என்று போடுவதானால், அது நோயாளி நடக்கும் வேகத்துக்கு உண்மையாக இருக்கட்டும்.

நீங்கள் வைத்தது ஒன்று, கூகுள் காட்டுவது இன்னொன்று

இதில் தப்பு நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நாம் வைக்கும் தலைப்பை அப்படியே காட்டுவதாகக் கூகுள் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பு காட்டும் முறையை மாற்றினார்கள். நாம் வைத்த தலைப்பு காலியாகவோ, எல்லாப் பக்கத்திலும் ஒன்றாகவோ, சொற்களை வாரிக் கொட்டியதாகவோ இருந்தால், பக்கத்தின் உள்ளே இருக்கும் பெரிய எழுத்துத் தலைப்பையோ மற்றவர்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்த சொற்களையோ எடுத்துக் காட்டும். ஆனாலும் சுமார் 87 விழுக்காடு நேரம் நாம் வைத்த தலைப்பையே பயன்படுத்துவதாக அந்த வருடம் செப்டம்பரில் அவர்களே சொன்னார்கள். உங்கள் விஷயத்தில் எட்டும் ஒன்றாக இருந்ததால், உள்ளே சிவப்பில் இருந்ததை எடுத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தலைப்பு வைத்து, உள்தலைப்பும் அதற்கு ஒத்துப்போகும்படி எழுதுங்கள். அதன் பிறகு மாற்றிக் காட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்த நிறுவனம் அனுப்பிய மாதிரித் தலைப்பும் இங்கேதான் அடிபடுகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பாம் வகையில் வைத்திருக்கிறது. படிப்பவருக்கும் அது காட்பாடி ஸ்டேஷன் வாசலில் பத்து லாட்ஜ் பெயரை ஒரே மூச்சில் கத்தி, பையைப் பிடித்து இழுப்பவரைப் போலத்தான் இருக்கும். ஒதுங்கிப் போவார்கள்.

பெங்காலியைப் பற்றி: கட்டாயம் செய்யுங்கள், ஆனால் தலைப்பை மட்டும் மாற்றாதீர்கள். பக்கம் எந்த மொழியிலோ தலைப்பும் அதே மொழியில், அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. அதனால் பெங்காலிக்கென்று தனிப் பக்கம் வேண்டும். முகப்பு, சமையலறை அறைகள், வரும் வழி, இந்த மூன்றையும் முதலில் செய்தால் போதும். இவை ஒன்றுக்கொன்று மொழி மாற்றுப் பக்கங்கள் என்று குறிக்க வழி இருக்கிறது, அக்கா மகன் செய்துவிடுவார். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். விஐடியில் படிக்கும் வங்காள மாணவர் யாராவது கிடைப்பார். அவருக்கு உரிய பணம் கொடுத்து எழுதி வாங்குங்கள். “உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்லித் தேடுவார்கள்” என்றும் அவரிடமே கேளுங்கள். ரூம் தேடும்போது பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், ஆகவே ஆங்கிலப் பக்கமும் இருக்கட்டும்.

அந்த 35,000 ரூபாய்

கொடுக்காதீர்கள். முதல் இடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் வாங்குவார்கள், அதை விளம்பரம் என்று குறித்தே காட்டுவார்கள். சாதாரண முடிவுகளில் இடம்பிடிக்கக் கூகுளுக்குக் கட்டணம் கட்டும் வழியே கிடையாது. உத்தரவாதம் தருபவர்கள் பலர் லாட்ஜின் முழுப் பெயரைத் தட்டித் தேடி, “பாருங்கள், முதலில் வருகிறது” என்று காட்டுவார்கள். பெயரைத் தட்டினால் நீங்கள் வராமல் யார் வருவார்கள்?

பின்னாளில் வேறு யாரையாவது அமர்த்தும் நிலை வந்தால், என்னென்ன மாற்றுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். டொமைன், அதாவது இணையதளத்தின் முகவரி, உங்கள் பெயரில் பதிவாகியிருக்கட்டும். வேர்ட்பிரஸ் பாஸ்வேர்டும் கூகுள் கணக்கும் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. அவர்களுக்குத் தனியாக ஒரு லாகின் கொடுத்தால் போதும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

லாட்ஜ் தொழிலுக்கு இணையதளத்துக்குச் சமமாக, சொல்லப்போனால் அதைவிடவும், முக்கியமானது கூகுள் மேப்பில் உங்கள் பதிவு. அதில் பெயர்க் கட்டத்தில் போர்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். அங்கேயும் “சிஎம்சி அருகே மலிவு ரூம்” என்று சேர்க்கச் சொல்வார்கள். அது விதிமீறல், பதிவையே முடக்கிவிட வாய்ப்புண்டு. தலைப்பில் செய்யலாம் என்பதை அங்கே செய்யக் கூடாது.

கணவரின் பயத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது. தலைப்பை மாற்றுவதால் பெரிதாக எதுவும் போகாது, பிடிக்கவில்லை என்றால் பழையதை வைத்துவிடலாம். ஆனால் தலைப்போடு சேர்த்துப் பக்கத்தின் முகவரியையும் மாற்றிவிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடாமல் விட்டால் இருப்பதும் போகும். முகவரியைத் தொட வேண்டாம் என்று அக்கா மகனிடம் சொல்லிவிடுங்கள்.

சர்ச் கன்சோல் என்று கூகுள் இலவசமாகத் தரும் கருவியில் உங்கள் இணையதளத்தைச் சேருங்கள். எந்தச் சொற்களைத் தேடியபோது நீங்கள் தெரிந்தீர்கள், எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் பார்க்கலாம். நிறையத் தெரிந்தும் யாரும் அழுத்தாத பக்கம் இருந்தால், அங்கே முதலில் பார்க்க வேண்டியது தலைப்பைத்தான். தெரிவதே இல்லையென்றால் பக்கத்தில் விஷயம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதையும் ஒரே நாளில் மாற்றாமல், சமையலறை அறைகள் பக்கத்தையும் வரும் வழி பக்கத்தையும் முதலில் மாற்றுங்கள். பழைய தலைப்பு, புதுத் தலைப்பு, தேதி மூன்றையும் ரிசப்ஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். கூகுள் மறுபடி வந்து படிக்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம், அதற்குள் பொறுமையிழந்து மறுபடி மாற்ற வேண்டாம். போனில் விசாரிப்பவர்களிடம் “எங்கே பார்த்தீர்கள், என்ன தட்டித் தேடினீர்கள்” என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து சர்ச் கன்சோலில் வரும் அந்த இரண்டு பக்கங்களின் சொற்பட்டியலை எனக்கு அனுப்புங்கள். மீதி ஏழையும் அதை வைத்துக்கொண்டு எழுதலாம்.